மரியாதை வீடு

மார்ச் 4

காலையில் ஒரு மாடி வீடு காட்டினேன். வந்தவர்கள் எல்லாக் குழாயையும் திறந்து மூடிவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

மத்தியானம் கம்பெனிக் கூட்டம். மேடையில் அத்தான். அக்கா இஸ்திரி போட்டுக் கொடுத்த நீலச் சட்டை. "நான் தூங்கும்போதும் சம்பாதிக்கிறேன்" என்றார். ஒரே கைதட்டல். நானும் தட்டினேன். அவர் தூங்கும்போது யார் செருப்புத் தேய அலைகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

விஷயம் இவ்வளவுதான். நான் ஒரு வீட்டை விற்றுக் கொடுத்தால், என் கமிஷனில் ஒரு பங்கு என்னைச் சேர்த்துவிட்ட அத்தானுக்கு. ஒரு கிள்ளு அவரைச் சேர்த்தவருக்கு. அப்படியே மேலே, மேலே. அதனால் எங்கள் கம்பெனியில் வீடு விற்பவரைவிட, வீடு விற்க ஆள் பிடிப்பவருக்குத்தான் மவுசு.

மார்ச் 5

யோசித்துவிட்டார்கள். வேண்டாமாம்.

மார்ச் 11

நர்ஸ் எங்கள் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். நான் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் இருந்த காலத்துத் தோழி. பேசிப் பேசி என் தொண்டைதான் வற்றியது. அக்கா வீட்டில் உட்கார்ந்து அவள் பெயரைப் பதிவு செய்யும் நேரத்தில் எனக்குப் போன் வந்தது, வாசலுக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் அத்தான் முடித்துவிட்டார். ‘யார் சேர்த்தது’ என்ற இடத்தில் அவர் பெயர். போட்டால் போட்டதுதான், மாற்ற முடியாது.

கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே, "குடும்பத்துக்குள்ள என்ன உன் பேரு என் பேரு?" என்றார்.

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்படியே உள்ளே போய்விட்டாள்.

வயிறு எரிகிறது. எழுதினால் அடங்கும் என்று நினைத்தேன். எங்கே அடங்குது?

ஏப்ரல் 20

நர்ஸ் அதற்குள் இரண்டு வீடு முடித்துவிட்டாள். ஊசி போட்ட வீடெல்லாம் அவளுக்குப் பழக்கம். பங்கு முழுவதும் அத்தானுக்கு. புதுக் கார் வாங்கியிருக்கிறார், தவணையில்.

"உங்க அத்தான் தங்கமானவருடி" என்கிறாள் நர்ஸ். தங்கம்தான். உரசிப் பார்த்தவள் நான்.

மே 17

வருஷா வருஷம் வரும் நாள் வந்தது. அத்தான் வீடு தேடி வந்தார்.

கம்பெனியில் ஒரு சட்டம். கீழே ஆள் வைத்திருப்பவர், ஜூன் முடிவதற்குள் தானும் ஒரு வீடாவது விற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் லைன் அறுந்துவிடும். அவருக்குக் கீழே இருப்பவர்கள் அவருக்கு மேலே இருப்பவரிடம் போய்விடுவார்கள். அத்தான் வீடு காட்டி எத்தனையோ வருஷமாகிறது. சாவியை எந்தப் பக்கம் திருப்புவது என்றாவது ஞாபகம் இருக்குமா, சந்தேகம்தான். ஆனாலும் லைன் அறுந்ததில்லை. கீழே இருப்பவர் தான் விற்ற வீடு ஒன்றை மேலே இருப்பவர் பெயரில் போட்டுக் கொடுப்பது இங்கே வழக்கம். மரியாதை வீடு என்போம். அத்தானுக்கு அதைச் செய்வது எப்போதும் நான்.

"இந்த வருஷமும் பாத்துக்க, சின்னவளே. நர்ஸ் புதுசு, அவகிட்ட கேட்டா கௌரவமா இருக்காது."

"சரி அத்தான்" என்றேன். என் குரல் எனக்கே இனித்தது.

ஜூன் 30

தெருக்கோடி வீடு இன்று முடிந்தது. அத்தான் காலையிலிருந்து போன்மேல் போன். "என் பேர்ல போட்டாச்சா?"

"போட்டுட்டே இருக்கேன் அத்தான்."

என் பெயரைப் போட்டேன்.

ஜூலை 1

கதவைத் தட்டவில்லை, இடித்தார். "யார் பேர்லடி போட்டே?"

"குடும்பத்துக்குள்ள என்ன அத்தான், உங்க பேரு என் பேரு?"

இதைச் சொல்லத்தான் மார்ச்சிலிருந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் முகம் செத்துப்போனது. நன்றாக இருந்தது. ஆமாம், நன்றாகத்தான் இருந்தது.

நர்ஸ், நான், எல்லோரும் அத்தானுக்கு மேலே இருந்த, முன்பின் பார்க்காத மேலாளிடம் போய்விட்டோம். எனக்கு ஒரு லாபமும் இல்லை. இவருக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

ஜூலை 19

அக்கா வந்தாள். உள்ளே வா என்று கூப்பிட்டும் வரவில்லை, படியிலேயே நின்றாள். தவணை கட்டவில்லையென்று காரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம்.

"அவருக்குச் செஞ்சே, சரி. என் வீட்டுக்குமில்ல சேத்துச் செஞ்சிருக்கே?"

அக்காவை நான் நினைக்கவே இல்லையா? நினைத்தேன். அன்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாளே, அதையும் சேர்த்துத்தான் நினைத்தேன்.

ஆகஸ்ட் 8

போன் செய்தேன். எடுக்கவில்லை. அவள் பேசாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை மட்டும் நான் கணக்குப் போடவில்லை.

செப்டம்பர் 15

அக்கா வந்தாள். உள்ளேயே வந்தாள். புரோக்கர் லைசன்ஸ் பரீட்சைப் புத்தகம் வேண்டுமாம்.

"அவர் படுத்தே கெடக்கறாரு. யாராவது வெளிய போகணுமில்ல? உன் பேர் சொல்லியே சேர்றேன். எனக்கு வேற யாரைத் தெரியும்?"

அழுதது நான்தான். அவள் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நவம்பர் 22

மேலாள் என்னை மேடையேறிப் பேசச் சொன்னார். பேசினேன். அத்தானைவிட அதிகமாகத் தட்டினார்கள். இன்னும் இரண்டு பேர் என் பெயர் சொல்லிச் சேர்ந்தார்கள்.

பிப்ரவரி 2

அக்காவின் முதல் வீடு முடிந்தது. "இந்த ஜன்னல்ல மத்தியானம் வெயில் வரும், துணி சீக்கிரம் காயும்" என்று அவள் சொல்லும்போதே வந்தவர்கள் அங்கே குடியேறிவிடுகிறார்கள். எனக்கு இது வந்ததே இல்லை.

லைன் அறுந்தவர் புதிதாகத்தான் சேர வேண்டும். அத்தான் சேர்ந்துவிட்டார். ‘யார் சேர்த்தது’ என்ற இடத்தில் அக்கா பெயர்.

ஜூன் 26

அத்தான் வீடு விற்றுவிட்டார். நிஜமாகவே, வெயிலில் அலைந்து. அக்கா போனில் சொன்னாள்.

"அதை என் பேர்ல போடச் சொல்லிட்டேன். மரியாதைக்கு."

"நீதான் நாலு வீடு முடிச்சிருக்கியே. உனக்கு எதுக்குடி அக்கா?"

"தேவைக்கு இல்லடி" என்றாள்.

அடுப்படியில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் ஜூன் முடியப்போவது உறைத்தது. இந்த வருஷம் நான் ஒரு வீடும் விற்கவில்லை. மேடை, கூட்டம், ஆள் சேர்ப்பது என்றே ஓடிவிட்டது.

அக்காவின் ஒரு வீடு நாளைக்குக் கையெழுத்தாகிறது. காலையில் கேட்டுவிட வேண்டும். குடும்பத்துக்குள் என்ன அவள் பேரு என் பேரு.