ராக்கெட்டுக்கு எங்கே பொட்டு வைப்பது?

என் ஆசை மாமாவுக்கு,

நீங்கள் போன பிறகு உங்களிடம் சொல்லிச் சிரிக்க இவ்வளவு பெரிய சங்கதி கிடைத்ததே இல்லை. நான் சொல்லச் சொல்ல நம் மகள் கவிதா எழுதுகிறாள். அவளைப் புகழ்கிற இடத்தில் மட்டும் பேனா மெதுவாகப் போகிறது.

உங்கள் விசில் வானத்துக்குப் போய்விட்டு வந்தது மாமா. சிட்டி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தபோது ஊதினீர்களே, அதே பித்தளை விசில்தான்.

இருங்கள், முறையாகச் சொல்கிறேன். கவிதா ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீவனஹள்ளியில் ஒரு தகர ஷெட்டுக்குப் போகிறாள். அங்கே ஏழெட்டுப் பேர் சேர்ந்து ராக்கெட் செய்கிறார்கள். சம்பளமும் கிடையாது, விற்கப் போவதும் இல்லை. மற்றவர்கள் கிரிக்கெட் ஆடுகிற மாதிரி இவர்களுக்கு இது. வான்வெளி வரைக்கும் போகப்போகிற பெரிய ராக்கெட் இன்னும் பாதியில் படுத்திருக்கிறது. அதில் சாமான் வைத்தால் பத்திரமாகக் கீழே வருமா என்று பார்க்க, முதலில் சின்னதாக ஒன்று. சின்னது என்றால் என்னைவிட உயரம். நம் கல்யாணத்துக்கு உங்கள் சித்தப்பா குட்டி வாழைமரம் என்று சொல்லிக் கொண்டுவந்து, அது வாசலிலேயே மாட்டிக்கொண்டதே, அந்த மாதிரிச் சின்னது.

ஆளுக்கொரு பொருள் உள்ளே வைக்கலாம் என்றார்களாம். கவிதா விசிலைக் கேட்டாள். எனக்கு மனசே இல்லை. உங்கள் மூச்சு பட்ட பொருள் வீட்டில் வேறு என்ன இருக்கிறது?

"அப்பா ஒரு நாளும் இத தொலைச்சதில்லமா. நானும் தொலைக்க மாட்டேன்" என்றாள். கொடுத்துவிட்டேன்.

கோலார் பக்கம் ஒரு காய்ந்த ஏரிக்கு, அனுமதியெல்லாம் வாங்கிக்கொண்டு, வேனில் போனோம். கூட்டத்துக்குத் தலைவன் மஞ்சு, கன்னடக்காரப் பிள்ளை. சந்தனத்தையும் குங்குமத்தையும் என்னிடம் நீட்டினான்.

"அம்மா, நீங்களே பொட்டு வைங்க."

நான் பின்னால் நகர்ந்தேன். "வேணாம் சாமி. நல்ல காரியம், யாராவது சுமங்கலி வைக்கட்டும்."

"சுமங்கலிக்கு எங்க போறது? இங்க எல்லாம் கல்யாணம் ஆகாத கேஸு. பேகா, சீக்கிரம் வாங்கம்மா, வெயில் ஏறுது."

நீங்கள் போன பிறகு குங்குமத்தில் விரல் வைத்ததே அன்றைக்குத்தான். ராக்கெட்டுக்கு நெற்றி எங்கே என்று தேடினேன். வழவழவென்ற உடம்பில், பொட்டு வைப்பதற்கென்றே துளைத்த மாதிரி மூன்று சின்ன ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். அவ்வளவு பாந்தமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கவிதா கத்தினாள். "யாரு ஓட்டையெல்லாம் அடைச்சது?"

அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே இருக்கும் கருவி காற்றை மோந்து, எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளுமாம். தெரிந்தால்தான் பாராசூட் திறக்குமாம். அடைத்துக்கொண்டால்? உங்கள் விசிலோடு நேராக மண்ணுக்குள்.

"நான்தான் சொன்னேனே, இது ராசியில்லாத கை" என்று வேன் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

கவிதா வந்தாள். என் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினாள். "கைல ஒண்ணும் இல்லமா. வெச்ச எடம்தான் தப்பு. நான் தொடைச்சிட்டு வரேன், நீ எடம் மாத்தி வை."

"மறுபடியும் நானா?"

"பின்ன? நீ வைக்காம அது கெளம்பாது."

ஊக்கால் சந்தனத்தை எடுத்தார்கள், ஊதினார்கள். மஞ்சு திரும்பத் திரும்பச் சோதித்துத் தலையாட்டினான். இந்தத் தடவை கீழே, இறக்கையில் வைத்தேன்.

"மூறு... எரடு... ஒந்து..." என்று மஞ்சு எண்ண, என்னையும் அறியாமல் உங்களை மாதிரியே "போலாம், ரைட்!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் சிரித்து முடிப்பதற்குள் ராக்கெட்டைக் காணோம், புகைதான் நின்றது. கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அப்புறம் தலையணை உறை அளவுக்கு ஆரஞ்சாக ஏதோ தெரிந்தது.

"தெறந்துச்சு! தெறந்துச்சு!" கவிதா என்னைக் கட்டிக்கொண்டு குதித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. இன்னும் விடவில்லை. பரவாயில்லை.

ராக்கெட் விழுந்த இடத்துக்கு ஓடி, கவிதா விசிலை முதலில் எடுத்து வந்தாள். வாங்கி ஒரு தடவை ஊதினேன். தூரத்தில் பாராசூட்டைச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்த மஞ்சு அப்படியே நின்றுவிட்டான். இரண்டு தடவை ஊதினேன், மறுபடி ஓடினான். பெங்களூர்க்காரன் இல்லையா, பஸ் விசில் பழக்கம் எங்கே போகும்?

பெரிய ராக்கெட்டிலும் இந்த விசில் போகும். மேலே காற்றே கிடையாது, அங்கே ஊதினாலும் சத்தம் வராது என்கிறாள் கவிதா. சிவாஜிநகர் நெரிசலில் நீங்கள் ஊதினது மட்டும் யார் காதில் விழுந்தது? வண்டி கிளம்பாமலா போச்சு?

அன்றைக்கும் பொட்டு நான்தான் வைப்பேன். யாராவது கூப்பிடட்டும் என்று பின்னால் நிற்க மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

ஓட்டையை விட்டு இறக்கையில் பொட்டு வைக்கக் கற்றுக்கொண்ட
உங்கள் அத்தை மகள்,
சரோஜா