காய்க்கு ஆகாத புகை

எனக்கு முன்னால் பிறந்து, என்னை ஒரு ஆளாக்கி நிறுத்திய என் பேச்சியக்கா,

நீ போனபின் இது இரண்டாவது சீசன். சக்குபள்ளத்தில் மழை விட்டபாடில்லை. காய் நன்றாகத் திரண்டிருக்கிறது. நம் ஏலக்காய் ஸ்டோரில் நீ நின்ற உலை முகத்தில் போன வாரம் வரை ஈஸ்வரி நின்று விறகு தள்ளினாள். அவளும் இருமுகிறாள். உன்னிடம் எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

ஸ்டோர் எப்படி வேலை செய்கிறது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பக்கம் விறகு எரியும் உலை, மறுபக்கம் பச்சைக்காய் உலரும் அறை. புகை இரும்புக் குழாய்க்குள்ளேயே ஓடி வெளியேற வேண்டும். அதன் சூடு மட்டும்தான் காய்க்குப் போக வேண்டும். குழாயில் ஊசி நுழையும் ஓட்டை இருந்தாலும் காயில் வாடை ஏறிவிடும், நிறம் மங்கிவிடும். ஏலம் எடுக்க வருகிற வியாபாரி ஒரு கை அள்ளி மோந்து பார்த்துவிட்டு அப்படியே கீழே போட்டுவிடுவான். நானும் அப்படி எத்தனையோ பேருடைய காயைக் கீழே போட்டவன்தான். இந்த மூக்கை வைத்துத்தான் பிழைத்தேன்.

அதனால் ஒவ்வொரு சீசனுக்கும் முன்னால் குழாய் இணைப்புகளை நானே தடவித் தடவிப் பார்த்துப் பூசுவேன். காய் இருந்த அறையில் ஒரு துளி புகை இருந்ததில்லை. நீ இருந்த பக்கத்தை மட்டும், சாரல் அடிக்கக் கூடாதென்று, மூன்று புறமும் தார்ப்பாய் கட்டி மூடினேன். விறகு தள்ள உலை வாயைத் திறக்கும்போதெல்லாம் வெளியே வந்த புகை எங்கே போயிருக்கும் அக்கா? ஏன் ஒரு நாளும் எனக்கு இது தோன்றவில்லை?

அந்த இடத்தை உனக்குக் கொடுத்ததே ஒரு சலுகை என்றுதான் நினைத்தேன். மழையில் அட்டைக் கடியோடு காய் எடுத்துக்கொண்டிருந்தவள் நீ. ஒரு ஆடி மாதம் இருமல் கண்டது. "குளிரு ஆவல ஒனக்கு. உலைப் பக்கம் இரு அக்கா, கதகதன்னு இருக்கும்" என்றேன். நீ லயத்து வீடுகளில் எல்லோரிடமும் பெருமை அடித்தாய்: "எந்தம்பி என்னைய ராணி மாதிரில்லா சூட்டுல ஒக்கார வச்சிருக்கான்!"

இருமல் நிற்கவில்லை. இந்த மலையில் யார் இருமினாலும் பனி என்போம். சுக்குக் கஷாயம் குடித்தாய், காதைச் சுற்றித் துண்டு கட்டினாய். இருமல் கூடக் கூட, குளிர்தான் காரணமென்று தீக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தாய். ஈர விறகு பற்றாத நாட்களில் பழைய பிளாஸ்டிக் உரச் சாக்கைக் கிழித்துப் போடச் சொன்னதும் நான்தான். கறுத்த புகை எழும். நீ முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாய்.

கம்பம் ஆஸ்பத்திரிக்கு இறங்கிப் போன நாள் நினைவிருக்கிறதா? "பீடி, சுருட்டுப் பழக்கம் உண்டா?" என்று அந்த டாக்டரம்மா கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீ சிரித்தாய். "நான் குடிக்கல தாயி. அடுப்புதான் குடிச்சுச்சு. நான் தொணைக்கு நின்னேன்."

அவர் சிரிக்கவில்லை. "அதுவே போதும்மா" என்றார். மூச்சை அளக்கும் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். அடுப்பூதிப் பழகிய உன்னால் அதை ஊத முடியவில்லை. பிறகு பொறுமையாகச் சொன்னார். புகையில் கண்ணுக்குத் தெரியாத பொடிக் கரி இருக்கிறது. இருமினாலும் வராத ஆழத்துக்கு அது போய்விடுகிறது. உள்ளே மூச்சுக்குழாய்கள் வீங்கிக் குறுகுகின்றன, கடைசியில் இருக்கும் சின்னச் சின்னக் காற்றுப் பைகள் கிழிகின்றன. போன காற்று வெளியே வராமல் தேங்குவதால் புதுக் காற்றுக்கு இடமில்லை. "கெட்டது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்தணும்னா புகையை விட்டு உடனே விலகணும்."

"இந்த சீசன் மட்டும் முடியட்டும்ல தம்பி" என்று சொன்னது நீதான். நான் மறுக்கவில்லை. எந்தச் சொல்லை மறுக்காமல் விட்டால் லாபம் என்று வியாபாரிக்குத் தெரியும், அக்கா.

கடைசியில் தண்ணீர்க் குழாயடிக்குப் போகவே இரண்டு இடத்தில் நின்றாய். ஒரு வாக்கியத்தை முடிக்க உனக்கு மூச்சு போதவில்லை.

போன வாரம் ஈஸ்வரியை உலையை விட்டு வரச் சொன்னேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்ன அண்ணாச்சி, என்னைய மழையில தள்ளப் போறியளா? இது பனி இருமல்லா. ஒங்க அக்காவுக்குச் சூடு, எனக்கு அட்டையாக்கும்?" என்றாள்.

"அக்கா இந்தப் புகையாலதான் செத்தா" என்றேன்.

அவள் முகம் மாறியது. "நெஞ்சுல சளி கட்டிப் போயிட்டாவன்னுல்லா சொன்னிய?"

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். உன் காரியத்துக்கு வந்த எல்லோரிடமும் அதையே சொன்னேன். உண்மையைச் சொன்னால் உலைக்கு ஆள் வராது என்று, உன்னைப் புதைத்த மறுநாளே கணக்குப் போட்டேன். அந்தப் பொய்யை நம்பித்தான் ஈஸ்வரி அங்கே வந்து நின்றாள்.

அதே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவளும் ஊதினாள். மூச்சின் அளவு குறைந்திருக்கிறதாம். இப்போதே விலகினால் மேலே கெடாமல் இருக்க வாய்ப்பு உண்டாம். முழுதாகச் சரியாகுமா என்று கேட்டேன். கெட்டது திரும்பாது என்று உன்னிடம் சொன்னதையே சொன்னார். திரும்பும்போது ஜீப்பில் ஈஸ்வரி என்ன சொல்லித் திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன், அவள் திட்டவில்லை.

இப்போது அவள் காய் தரம் பிரிக்கும் மேசையில் இருக்கிறாள், கூலி குறையாமல். உலையை அணைத்துவிட்டேன். வந்த பச்சைக்காயை வேறு ஸ்டோருக்கு அனுப்பினேன். தார்ப்பாயை அறுத்தாயிற்று; உலை வாய்க்கு மேலே கூண்டு வைத்துப் புகையைக் கூரைக்கு வெளியே இழுக்க கொத்தனார் வந்திருக்கிறார். பக்கத்து ஸ்டோர்க்காரர் வந்து பார்த்துவிட்டு, "ஏல செல்லையா, இதை வெளிய சொல்லிட்டுத் திரியாத. நாளைக்கு எவன் வருவான் உலைக்கு?" என்றார். அவர் உலையிலும் ஒரு பெண்தான் நிற்கிறாள். அவள் இருமுகிறாளா என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

அந்தப் பெண்ணின் கைக்கும் இந்தக் கடிதம் போகட்டும். இனி யார் கேட்டாலும் நீ சளியில் போனாய் என்று சொல்ல மாட்டேன். புகையில் செத்தாய், என் ஸ்டோர்ப் புகையில். சொல்ல நாக்கு கூசினாலும், கேட்காதவர்களிடமும் போய்ச் சொல்வேன். இது சத்தியம்.

உன்னைக் கதகதப்பில் உட்கார வைத்த
உன் கூடப் பிறந்தவன்,
செல்லையா