கொக்கியின் படம்

அன்புள்ள அம்மாவுக்கு, சுகிர்தா எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? கும்மிடிப்பூண்டியில் நான் நலம்.

கம்பெனியில் கிரேன் கொக்கியைப் படமெடுத்து ஆபீசுக்கு அனுப்புவதும் என் வேலை. இதுவரை கேமராவை, எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும் 'ஆட்டோ' முறையில் வைத்தே எடுத்தேன். ஃபிளாஷில் எல்லாம் பளிச்சென்றிருக்கும். நேற்று ஃபிளாஷை அணைத்து, ஷட்டர் வேகத்தை நானே குறைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தேன். கொக்கியில் முடி போல ஒரு விரிசல் தெரிந்தது.

சூப்பர்வைசர் அன்புராஜ் சிரித்தார். "இன்னாத்துக்கு இந்த பேஜாரு? ஆட்டோலயே எடுத்துக்கினு வாம்மா."

அவர் சொன்னபடியே ஆட்டோவில் எடுத்து அனுப்பினேன்; அதில் விரிசல் தெரியவில்லை. கிரேன் போகும் பாதைக்கு அடியில் இருந்த என் மேசையைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டேன், காற்றுக்காகத்தான்.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்புங்கள். தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்கவில்லை.

சங்கு ஊதிவிட்டது, கிரேன் கிளம்புகிறது. தம்பியை இங்கே வேலைக்கு அனுப்பாதீர்கள்.

சுகிர்தா