பெயர் எழுதாத பைகள்

நேற்று ஆவடி மார்க்கெட்டில் ஒரு ஸ்டேஷனரி கடை வாசலில் நோட்டுக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பள்ளிகள் திறக்கும் சமயம். கடைக்காரர் ஒரு கட்டின் மேலுறையைக் கிழித்ததும் புதுத்தாள் வாசனை குப்பென்று வந்தது. தக்காளி வாங்கப் போனவள் நான், அங்கேயே நின்றுவிட்டேன். நீ இருந்திருந்தால் ஒரு நோட்டை எடுத்துப் பிரித்து மூக்கருகே கொண்டுபோயிருப்பாய். அவர் முறைத்தாலும் உனக்குக் கவலை இல்லை.

நாம் ரயிலில் பழகியவர்கள். நான் நெமிலிச்சேரியில் ஏறுவேன், நீ அண்ணனூரில். பட்டரவாக்கத்தில் இறங்கி, நீ பை தைக்கும் கம்பெனிக்குப் போவாய், நான் என் கம்பெனிக்கு. பதினோரு வருடம், தினம் அந்தக் கொஞ்ச நேரம்தான். ஆனால் என் வீட்டில் இருப்பவர்களைவிட உன்னிடம்தான் நான் அதிகம் பேசியிருக்கிறேன்.

ஒருநாள் ஏறியதும் உட்காரக்கூடச் செய்யாமல் உன் போனை என் காதில் வைத்தாய். உனக்கு வந்த வாய்ஸ் மெசேஜ், ஒரு பெண்குரல். "தங்கச்சி, நான் ஒன் அக்கா பேசுறேன். எப்படி இருக்க நீ?" உன் ஆறு வயதில் அப்பா அம்மாவோடு இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவள் நீ என்பதும், கல்யாணமாகிவிட்ட அக்கா அங்கே தேயிலைத் தோட்டத்திலேயே தங்கிவிட்டார் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கடிதம் நின்றுபோய் எத்தனையோ காலம். யாரோ தேடிப் பிடித்து உன் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். அக்காவின் குரல் தொடர்ந்தது: "இங்க எல்லாம் வெலை ஏறிப்போச்சு. புள்ளைகளுக்கு எழுத நோட்டு இல்ல. எம் பேத்தி பழைய காலண்டர் தாளுக்குப் பின்னால எழுதுறா."

அக்கா எதுவும் கேட்கவில்லை. ஆனால் திருமுல்லைவாயல் வருவதற்குள் நீ முடிவு செய்துவிட்டாய். "நோட்டு, பென்சிலு, பை எல்லாம் சேக்கலாம். இன்னாமே, நீயும் வரியா?"

வந்தேன். அயனம்பாக்கம் ஏரிப் பக்கத்து அடுக்குமாடிகளில் ஞாயிற்றுக்கிழமைதோறும் படியேறினோம். லேடீஸ் பெட்டியில் ஒவ்வொரு சீட்டாகப் போய் நீ கேட்டாய். இலங்கைக்கு நிவாரணப் பொருள் அனுப்பும் ஓர் அமைப்பு, மலையகப் பள்ளிகளுக்குச் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டது. என் வீட்டு முன்னறை நிறைந்தது. ஆனால் வந்ததில் பாதி, சில பக்கம் எழுதிய நோட்டு, முனை உடைந்த காம்பஸ், ஜிப் போன பை. பைகளை நீ கம்பெனிக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு வேளையில் ஜிப் மாற்றினாய். சூப்பர்வைசர் பிடித்துவிட்டார், விஷயம் கேட்டதும் மிச்சமிருந்த ஜிப் சுருளை அவரே எடுத்துக் கொடுத்தார் என்று மறுநாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

நமக்குள் வந்த ஒரே சண்டையும் அப்போதுதான். எழுதிய பக்கங்களைக் கிழித்துவிட்டு, மிச்ச நோட்டுகளை நான் பெட்டியில் அடுக்கினேன். நீ ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாய். எனக்கு எரிச்சல். "ஒண்ணுமே இல்லாததுங்களுக்கு இது போதாதா?" என்றேன்.

"இல்லாதவங்கன்னா எத குட்த்தாலும் வாங்கிக்கணுமா?" என்று கேட்டுவிட்டு நீ எழுந்து போனாய்.

இரண்டு நாள் வேறு பெட்டியில் ஏறினாய். மூன்றாம் நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "கப்பல்ல வந்து எறங்கனப்போ எனக்கு ஒரு சிலேட்டு குட்த்தாங்கமே. அதுல வேற ஒரு பொண்ணு பேரு கீறியிருந்துது. கிளாஸ்ல எல்லாம் என்ன அந்தப் பேர்லதான் கூப்டுச்சுங்க. ரெண்டு வருசம்."

நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு பழைய பைகளில் எழுதியிருந்த பெயர்களை நானே உட்கார்ந்து தேய்த்து அழித்தேன். அழியாதவற்றின்மேல் நீ புதுத்துணி வைத்துத் தைத்தாய்.

பெட்டிகளை ஒட்டுவதற்கு முந்தின சாயங்காலம், நீ தைத்ததிலேயே நல்ல பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு மார்க்கரைத் திறந்தாய். அக்கா பேத்தியின் பெயரை எழுதப்போகிறாய் என்று எனக்குத் தெரிந்தது. தடுக்க மனம் வரவில்லை. ஆனால் நீ எழுதாமலே மூடியைப் போட்டாய்.

"வேணாம். யாருக்குப் போவுதோ, அதுவே தம் பேர எழுதிக்கட்டும்."

பதினேழு பெட்டிகள். குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு துறைமுகம்வரை போனோம். திரும்பும்போது, பாஸ்போர்ட் எடுக்கப்போவதாகச் சொன்னாய். "ஒரு வாட்டி அக்காவ நேர்ல பாத்துடணும்மே. கட்டிப் புடிச்சா எப்டி இருக்கும்னு எனக்கு ஞாபகமே இல்ல."

அடுத்த வாரமே அம்பத்தூரில் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டாய். மூன்றாவது வாரம் தையல் மெஷினிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாஸ்போர்ட்டுக்கு எடுத்த அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி மாலை போட்டார்கள். சிரிக்கக்கூடாது என்று ஸ்டூடியோக்காரர் சொல்லியிருப்பார். அதனால் அது நீ மாதிரியே இல்லை.

பத்து நாள் கழித்து உன் மகள் உன் போனோடு என் வீட்டுக்கு வந்தாள். "ஆன்ட்டி, பெரிம்மா கூப்ட்டுகினே கீறாங்க. எனக்குச் சொல்ல வாய் வரல. நீங்க சொல்றீங்களா?"

அவள் பேசும்போதே போன் அடித்தது. எடுத்தேன். "தங்கச்சி! எல்லாம் வந்து சேந்துருச்சு! ஸ்கூல்ல கொடுத்தாங்க. பேத்திக்கு நீலப் பை கெடச்சிருக்கு, நீ தச்சதா?" மூச்சுவிடாமல் பேசினார். அவர் முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு நான் யாரென்று சொன்னேன். நீ இல்லை என்பதையும் சொன்னேன்.

அந்தப் பக்கம் அழுகை. பிறகு ஒரு கேள்வி. "அவ வளந்தப்புறம் எப்படி இருந்தா? எனக்கு அவளத் தூக்கி வச்சிருந்ததுதான் தெரியும்."

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கா என்னைக் கூப்பிடுகிறார். அவரிடம் உன் முதல் ஆறு வருடம் இருக்கிறது, என்னிடம் கடைசிப் பதினொன்று. முதுகைச் சொறிந்துவிட்டால்தான் நீ தூங்குவாய் என்று அவர் சொல்கிறார். கம்பியைப் பிடித்து நின்றபடியே நீ ரயிலில் தூங்குவதை நான் சொல்கிறேன். இடையில் உள்ளது எங்கள் இருவரிடமும் இல்லை.

வாரம் முழுக்க ரயிலில் உன்னைத் தேடிக்கொண்டே போகிறேன், அவருக்குச் சொல்ல இன்னும் ஏதாவது கிடைக்குமா என்று. போன ஞாயிறு ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. பயந்துபோய் அக்காவிடம் அப்படியே சொல்லிவிட்டேன்.

"அதனால என்ன," என்றார். "போன வாரம் சொன்னதையே இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன்.