அலாரம் அடிக்கும் வீடு

கோயம்புத்தூர்
12.8.1996

மதிப்பிற்குரிய திருமலைசாமி அய்யா அவர்களுக்கு,

பல்கலைக்கழக உளவியல் துறையில் ஆராய்ச்சி செய்யும் கோகிலவாணி வணக்கத்துடன் எழுதுகிறேன். ஜூன் மாதம் இரண்டு முறை சூலூரில் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். ராமாமணி அம்மா மோர் கொடுத்து உட்கார வைத்தார்கள். நீங்கள் தறி ஷெட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க அம்மணி, சந்தோசமா இருக்கறமான்னு கேக்கறதுக்குக் கூடவா படிப்பு இருக்குது?" என்று சிரித்தீர்கள்.

ராமாமணி அம்மா அனுப்ப வேண்டிய ஆராய்ச்சித் தாள்கள் தபாலில் வரவில்லையே என்று உங்கள் தெரு முனையில் இருக்கும் யாகூப் பாய் பூத்துக்கு நேற்று போன் செய்தேன். அவர் சொல்லித்தான் அம்மா தவறிப்போனது தெரிந்தது. போனை வைத்த பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

இளம் வயதிலிருந்து முதுமை வரை மனிதர்கள் அன்றாடக் கோபத்தையும் வருத்தத்தையும் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. அதற்காகத்தான் அம்மா கையில் அந்த வாட்சைக் கட்டிவிட்டேன். பகலில் அது அவ்வப்போது ஒலிக்கும். ஒலிக்கும்போது மனம் எப்படி இருக்கிறது என்று அவர்கள் தாளில் குறிக்க வேண்டும்.

இதைக் கேட்க நாக்கூசுகிறது. வாட்ச் துறைக்குச் சொந்தமானது. அடுத்த ஆளுக்குக் கட்ட வேண்டும். காரியமெல்லாம் முடியட்டும், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோகிலவாணி


சூலூர்
25.8.1996

அம்மணி கோகிலவாணிக்கு,

எல்லோரும் சௌக்கியம் என்று எழுதியே பழகிய கை. இன்றைக்கு அந்த வரியில் நின்றுவிட்டது.

அன்றைக்கு நான் நூல் விஷயமாகத் திருப்பூர் போயிருந்தேன். எங்கள் தறியில் நூல் சுற்றும் மாசாணியம்மாள்தான் பார்த்தாள். வாட்ச் அடித்து அடங்கியிருக்கிறது. அடித்தவுடன் பென்சிலை எடுத்துக்கொண்டு சன்னலோரம் போய் உட்காருவது ராமாமணியின் வழக்கம். அன்று எழுந்திருக்கவில்லை. மாசாணிக்கு ஏதோ பட்டு உள்ளே போயிருக்கிறாள். ராமாமணி கட்டிலில் படுத்தபடியே போய்விட்டிருந்தாள். மாரடைப்பு என்றார் டாக்டர்.

மகன் சசிதர் ஐதராபாத்திலிருந்து வந்து எல்லாம் செய்தான். கொடுமுடியில் அஸ்தி கரைக்கவும் அவன்தான் போனான். எனக்குக் கால் வரவில்லை.

உங்கள் வாட்சை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். அதற்குள்ளிருந்தும் அடிக்கிறது. தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவன் கத்தினாலே எனக்குக் கேட்காது. இது கேட்கிறது. மாசாணி வேலைக்கு வரவே தயங்குகிறாள். "அது அம்மாவைக் கூப்புடுதுங்க. அம்மாவும் எந்திரிச்சு வாராங்க. ஊட்டுக்குள்ள சேலை உரசற சத்தம் எனக்குக் கேட்டுதுங்க" என்கிறாள். அதட்டிப்போட்டேன். ஆனால் அடுத்த முறை அது அடித்தபோது நானும் தறியை நிறுத்திவிட்டு வீட்டுப் பக்கம் காது கொடுத்தேன்.

சீக்கிரம் வந்து எடுத்துப் போங்கள்.

இப்படிக்கு,
திருமலைசாமி


கோயம்புத்தூர்
5.9.1996

அன்புள்ள அய்யா,

மாணவர்களுக்குத் தேர்வு நடக்கிறது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வருகிறேன். அதுவரை வாட்சின் இடது பக்கம் கீழே இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். அலாரம் நின்றுவிடும்.

மாசாணியம்மாளைக் கோபிக்காதீர்கள். ஒரு சத்தத்தோடு ஒரு ஆளைச் சேர்த்தே கேட்டுப் பழகிவிட்டால், சத்தம் மட்டும் தனியாக வரும்போது மனம் அந்த ஆளைத் தேடும். பயப்பட ஒன்றுமில்லை.

கோகிலவாணி


சூலூர்
22.9.1996

அம்மணிக்கு,

வர வேண்டாம்.

பொத்தானை அழுத்தலாம் என்று பீரோவைத் திறந்து வாட்சைக் கையில் எடுத்தேன். எடுத்ததும் அடித்தது. என்னையறியாமல் தெலுங்கில், "என்ன ராமாமணி?" என்று கேட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் தெலுங்குதான் பேசுவோம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் "ஏமண்டி" என்று கூப்பிடுவாள், நான் "ஊம்" என்பேன். என்ன என்று திரும்பிக் கேட்டது அன்றைக்குத்தான்.

இப்போது வாட்சை சன்னல் திட்டில் வைத்திருக்கிறேன். அடிக்கும்போதெல்லாம் அவள் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து மனதில் இருப்பதைச் சொல்கிறேன். பெரும்பாலும் கோபம்தான். ஒரு வார்த்தை சொல்லாமல் போனாள் என்ற கோபம். சொல்லி முடித்தால் பசிக்கிறது. பிறகு அடுத்த அலாரம் எப்போது என்று காத்திருக்கிறேன்.

இன்னொன்று. நாற்காலியில் கிடந்த அவள் பென்சில் மழுங்கிப்போயிருந்தது. நேற்றுப் பார்த்தால் சீவி வைத்திருக்கிறது. தான் தொடவில்லை என்று மாசாணி சத்தியம் செய்கிறாள். ஒருவேளை நானே சீவியிருக்கலாம். ஞாபகமில்லை. இரண்டில் எது எனக்கு அதிகப் பயம் என்று கேட்டால், எனக்கு ஞாபகமில்லாததுதான்.

அவள் உங்கள் தாள்களில் என்ன குறித்தாள் என்று நான் கேட்கமாட்டேன். எனக்குத் தெரிய வேண்டும் என்றிருந்தால் வாயாலேயே சொல்லியிருப்பாள். வாட்சை மட்டும் கேட்காதீர்கள்.

திருமலைசாமி


கோயம்புத்தூர்
10.10.1996

அன்புள்ள அய்யா,

என் பேராசிரியரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். "பேட்டரி தீர்ற வரைக்கும் அவர்கிட்டயே இருக்கட்டும்மா" என்றார். உங்களையும் ஆராய்ச்சியில் சேர்க்கலாமே என்றும் கேட்டார். அது மட்டும் வேண்டாம் என்றேன்.

வயது ஏற ஏற மனிதர்கள் துக்கத்திலிருந்து சீக்கிரம் கரையேறுகிறார்கள் என்றுதான் இதுவரை வந்த தாள்கள் காட்டுகின்றன. தன்னை நோகடிப்பது எதுவோ அதற்கு முன்னால் போய் நிற்காமல் ஒதுங்கிக்கொள்ள அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இதை ஆய்வுரையில் எழுத உட்காரும்போதெல்லாம் உங்கள் ஞாபகம் வந்து பேனா நிற்கிறது. நீங்கள் அதற்கு எதிரேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? தீபாவளிக்கு மகனிடம் போய்வரக் கூடாதா?

அன்புடன்,
கோகிலவாணி


சூலூர்
3.2.1997

அம்மணிக்கு,

தீபாவளிக்கும் போகவில்லை, பொங்கலுக்கும் போகவில்லை. சசிதர் டிக்கெட்டே எடுத்து அனுப்பியிருந்தான். நான் வாட்சை எடுத்துக்கொண்டு அங்கே போய்விட்டால் ராமாமணி எந்த வீடென்று தேடுவாள்? போனில் இதைச் சொன்னேன். பையன் அழுதான் போலிருக்கிறது.

ஷெட்டை மூடிவிட்டேன். தறிச் சத்தம் நடுவில் வருகிறது. மாசாணி வேறு தறிக்குப் போய்விட்டாள். போகும்போது வாசலில் நின்று, "அய்யா, அம்மா இருந்தா இப்படி உங்களைப் பட்டினி போடுவாங்களாங்க? வர்றது அம்மா இல்லைங்க" என்றாள். பிறகு யார் வருகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

இப்போது அவசரமாக எழுதுவதற்குக் காரணம், வாட்சின் சத்தம் குறைந்துகொண்டே வருகிறது. முன்பு அடுத்த அறையிலிருந்து கூப்பிடுவது போல் இருக்கும். இப்போது தெருக்கோடியிலிருந்து கூப்பிடுவது போல் இருக்கிறது. கடைத்தெரு வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனேன். பேட்டரியைக் கழற்றினால் வைத்திருக்கும் நேரமெல்லாம் அழிந்துவிடும் என்கிறார். எந்தெந்த நேரத்துக்கு வைத்தீர்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். வேறு நேரத்தில் அடித்தால் அவள் வரமாட்டாள். பெரிய மனது பண்ணி ஒரு நடை வந்து புது பேட்டரி போட்டு, அதே நேரங்களை வைத்துக் கொடுங்கள். உக்கடத்தில் பஸ் ஏறினால் எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

திருமலைசாமி


கோயம்புத்தூர்
20.2.1997

அன்புள்ள அய்யா,

அந்த நேரங்கள் என்னிடம் இருக்கின்றன. ஆனால் இதற்காக நான் வரமாட்டேன்.

நான் கல்லூரியில் படிக்கும்போது அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மா தினமும் அவர் தட்டில் சோறு போட்டு எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். ஆறுதலாக இருக்கிறதே என்று நான் விட்டுவிட்டேன். சந்தையிலிருந்து அவருக்குப் பிடித்த சுண்டைக்காயை நானே வாங்கி வந்திருக்கிறேன். மெல்ல மெல்ல அம்மா எங்களோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். கடைசியில் அந்தத் தட்டோடு மட்டும்தான் பேசினார். நான் கொடுமுடியிலிருந்து கோவைக்கு மேல்படிப்புக்குக் கிளம்பிய அன்று வாசலில் நின்று கூப்பிட்டேன். "பேசிட்டிருக்கம்ல கண்ணு" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை. இன்றைக்கும் அந்தத் தட்டுக்கு எதிரேதான் உட்கார்ந்திருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் அதே சுண்டைக்காயை நான் வாங்கி வந்து கொடுக்க முடியாது. சாப்பிடக் கூப்பிடுங்கள், வருகிறேன். ஐதராபாத்துக்கு ரயில் ஏற்றிவிடக் கூப்பிடுங்கள், வருகிறேன்.

என்னை வைய வேண்டும் போல் இருந்தால் வைது எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

உங்கள் அன்புள்ள,
கோகிலவாணி


கோயம்புத்தூர்
14.4.1997

அய்யா,

பதிலே இல்லை. மனசு கேட்காமல் நேற்று வந்தேன். ஷெட் வாசலில் நூல் கழிவு அப்படியே கிடந்தது. கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. "பெரியவர் உள்ளதான் இருக்காருங்க. நான் பன்னும் டீயும் குடுத்தா சன்னல்ல கை மட்டும் வரும்" என்றார் யாகூப் பாய்.

வெகுநேரம் தட்டினேன். உள்ளே நாற்காலி நகர்வது கேட்டது. கதவுக்குப் பக்கத்தில் மூச்சு விடுவதுகூடக் கேட்டது என்று நினைக்கிறேன். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நீங்கள் திறக்கவில்லை.

நலமாக இருக்கிறேன் என்று ஒரு கார்டு போடுங்கள். போதும்.

கோகிலவாணி


சூலூர்
19.8.1997

கோகிலவாணி அம்மணிக்கு,

நீங்கள் தட்டியது கேட்டது. அதற்கு முதல் நாள்தான் வாட்ச் நின்றுபோயிருந்தது. அலாரம் அடிக்கும் நேரமெல்லாம் ஒவ்வொன்றாகக் கடந்து போயிற்று. நான் சன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் கதவு தட்டும் சத்தம்.

எழுந்து வந்து தாழ்ப்பாளில் கை வைத்தேன். வெளியே நிற்பது நீங்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் குரலும் கேட்டது. ஆனால் திறந்தால் அது நீங்களாக மட்டும்தான் இருப்பீர்கள். திறக்காத வரைக்கும் அது அவளாகவும் இருக்கலாம் இல்லையா? அதற்காகத்தான் அப்படியே நின்றேன். நீங்கள் தெருவில் இறங்கி நடந்து போகும் செருப்புச் சத்தம் தேயும் வரை நின்றேன். அது தேய்ந்ததோடு வீட்டில் ஒன்றுமேயில்லை. அத்தனை மாதத்தில் முதல் முறையாக நான் மட்டும் இருந்தேன். நடு வீட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் கதவைத் திறந்தேன். யாகூப் மாசாணியைக் கூட்டி வந்தார். அவள் என்னைப் பார்த்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள்.

ஆடியில் சசிதர் வந்தான். வருஷ திதிக்கு இருவரும் கொடுமுடிக்குப் போனோம். காவிரியில் தண்ணீர் நிறைய ஓடியது. இந்த முறை நானே இறங்கி முழுகினேன். வந்ததும் இரண்டு தறியை மட்டும் ஓட்ட ஆரம்பித்திருக்கிறேன். மாசாணி நூல் சுற்றுகிறாள். இருட்டிய பிறகும் இருந்து வேலை பார்க்கிறாள்.

வாட்சைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அதில் பேட்டரி போட்டு யார் கையில் வேண்டுமானாலும் கட்டுங்கள்.

உங்கள் மேல் கோபம் இருந்தது. வரமாட்டேன் என்று எழுதிய கடிதத்தைக் கிழித்துப்போட்டேன். இப்போது கோபமில்லை. பெற்ற பெண்ணாக இருந்தால் கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டுப் போயிருப்பாள். நீங்கள் மாட்டேன் என்றீர்கள். அதற்கு என்ன கைம்மாறு செய்வது என்று தெரியவில்லை.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இனி எனக்கு எழுத வேண்டாம், வரவும் வேண்டாம். அவள் சிரித்துப் பேசி நான் கடைசியாகப் பார்த்தது உங்களோடுதான். கவர்மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்தாலே என் கால் தானாகச் சன்னல் பக்கம் திரும்புகிறது. போன வாரம் உங்கள் கடிதம் வந்தபோதும் திரும்பியது. மாசாணி தறியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். அதனால் அந்தக் கடிதத்தைப் பிரிக்கவில்லை. இதனுடன் வைத்துத் திருப்பி அனுப்புகிறேன்.

படிப்பை முடித்து நல்லபடியாகப் பட்டம் வாங்குங்கள். ஊருக்குப் போனால் உங்கள் அம்மாவுக்கு எதிரே கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

ஆசிகளுடன்,
திருமலைசாமி