முதல் அழைப்புக்குப் பதில் இல்லை

லாபு,
ஞாயிறு காலை

அன்பு மகள் நிலானிக்கு,

இங்கே நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகனும் ஷாமினியும் மெல்பேர்ணில் அதைவிடச் சுகமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். மழைக்காலம் தொடங்கிவிட்டது. கூரை ஒழுகவில்லை, மருந்தைத் தவறாமல் எடுக்கிறேன், ஆகவே நீலாய்ப் பட்டணத்தில் அடுக்குமாடி வீடு பார்க்கலாம் என்று தொடங்காதே. போன வாரம் ஷாமினி தொலைபேசியில் பேசினாள். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு நாட்டுப் பிள்ளையும் தன் பண்பாட்டைப் பற்றி எழுதிச் சுவரில் ஒட்டவேண்டுமாம், அம்மம்மாவுக்குப் பண்பாடு என்றால் என்ன, நான்கு வரி வேண்டும் என்றாள். இரண்டு மாதத்துக்கு முன் கேட்டிருந்தால் சேலை, புட்டு, தைப்பொங்கல் என்று உடனே சொல்லியிருப்பேன். ஆசிரியையாக இருந்த காலமெல்லாம் ஒற்றுமை நாளுக்குப் பிள்ளைகளுக்கு அப்படித்தானே உடுத்தி மேடையில் ஏற்றினேன். இப்போது என்ன எழுதுவது என்று தெரியவில்லை. காரணத்தை உனக்குச் சொல்கிறேன், பிள்ளைக்குப் படித்துக் காட்டாதே.

போன மாதம் ஒருநாள், மழை விட்டு, வெயிலும் இல்லாமல் இருட்டும் இல்லாமல் எல்லாம் மஞ்சளாக நிற்கும் நேரம், குசினியில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தேன். பின்கதவுக்கு வெளியே, “அம்மா, கதவைத் திறவுங்கோ” என்று உன் குரல். இப்போதைய குரல் இல்லை. பள்ளி விட்டு வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கூப்பிடுவாயே, அந்தக் குரல். அழைத்தவரை இரண்டாம் முறை அழைக்க வைப்பது மரியாதைக் குறைவு என்று கான்வென்டில் சிஸ்டர்மார் எங்களை வளர்த்தார்கள். “வாறன்” என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டேன். படி ஈரமாக இருந்தது, ஈரத்தில் ஒரு தடமும் இல்லை. செம்பனை மர வரிசைக்குள் தவளைகூடக் கத்தவில்லை. யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் கோபப்பட்டேன். பிறகுதான் உறைத்தது, இந்தத் தோட்டம் முழுவதும் தேடினாலும் எங்கள் பேச்சில் “திறவுங்கோ” என்று சொல்ல என்னைத் தவிர ஆள் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரி பஞ்சாலை வேலியோரம் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். “டீச்சர், எங்க அர்ச்சுனன் வந்திருக்கானா? ‘ஆயா, கதவத் தொற’ன்னு கூப்பிட்டானே” என்றாள். அவளுடைய மகன் சிங்கப்பூரில் லாரி ஓட்டுகிறான். ஒரே குரல், என் காதில் என் பிள்ளை, அவள் காதில் அவள் பிள்ளை. நான் பதில் சொல்லிவிட்டேன் என்று அறிந்ததும் அவள் போட்ட சத்தம் இருக்கிறதே. “இவ்ளோ படிச்சீங்க, மொத தடவ கூப்பிட்டா வாயத் தொறக்கக் கூடாதுன்னு அந்த வெள்ளக்கார அம்மாங்க சொல்லிக் குடுக்கலயா? மூணு வாட்டி கூப்பிடட்டும்லா, மூணாவது வாட்டி அதுக்கு வராது” என்று ஏசிக்கொண்டே நிலையில் வேப்பிலை செருகினாள். காய்கறி லாரி கொண்டுவரும் சீனர் ஆ லெங்குக்கு வேறு கவலை. மனிதர் தோளில் விளக்கு எரிகிறதாம், கூப்பிட்ட பக்கம் தலையைத் திருப்பினால் ஒரு விளக்கு அணையுமாம். டீச்சர் இனி முன்னால் பார்த்துக்கொண்டே கத்தரிக்காய் பொறுக்குங்கள் என்று மலாயில் பகிடி பண்ணினார், ஆனால் சிரிக்கவில்லை. மலாய்க்காரர் கிராமமான கம்போங்கிலிருந்து ரொஹானா வந்தார், நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்குப் பெயர் வைத்துப் பேசாதீர்கள் என்றார் முதலில். அவர்கள் அடாட்டில், அதாவது பரம்பரை வழக்கத்தில், வீடு மகளுக்குத்தான் உரியதாம், மகளின் குரலை வீடு தடுக்காதாம், அதனால்தான் அந்தக் குரலில் வருகிறது என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, வேப்பிலைக்குக் கீழே உப்புத் தூவினார். நாங்களும் வீட்டை மகளுக்குத்தானே சீதனமாக எழுதுகிறோம். மூவர் சொன்னதும் வேறு வேறு, ஆனால் ஒருவர்கூட மற்றவர் சொன்னதைப் பொய் என்று சொல்லவில்லை. பயம் வந்தால் கை எங்கே போகிறதோ அதுதான் பண்பாடு போலிருக்கிறது. பஞ்சாலையின் கை வேப்பிலைக்குப் போகிறது, ரொஹானாவின் கை உப்புக்குப் போகிறது. என் கை கதவைத் திறக்கத் தாழ்ப்பாளுக்குப் போகிறது, நிலானி. நான் அப்படி வளர்க்கப்பட்டவள்.

அதன்பிறகு மழை விட்ட மாலைகளில் அந்தக் குரல் வரும். நான் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நிற்பேன். உன் குரலுக்குப் பதில் சொல்லாமல் நிற்பது எப்படி என்று உனக்கு எழுத எனக்குத் தெரியவில்லை. இரண்டு முறை அழைக்கும், பிறகு இலைகளில் நீர் சொட்டும் சத்தம் மட்டும். டிசம்பரில் நீ இங்கே வரும்போது மூன்று முறை கூப்பிடு என்று எழுதத்தான் இருந்தேன். நேற்று அது மூன்று முறை கூப்பிட்டது. மூன்றாம் முறை அவசரமே இல்லை, பாடம் ஒப்புவிக்கும் பிள்ளை மாதிரி நிறுத்தி, தெளிவாக. தாழ்ப்பாளைப் பாதி இழுத்துவிட்டேன். பஞ்சாலை தன் ஜன்னலிலிருந்து பார்த்து, தகர வாளியைத் தட்டிக் கத்தியிராவிட்டால் திறந்திருப்பேன்.

மருமகனுக்கு என் ஆசி. ஷாமினிக்குப் புட்டைப் பற்றியே எழுதி அனுப்புகிறேன். நீ நிறைந்த ஆயுளோடும் குறையாத மனத்தோடும் இருக்கவேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. பின்கதவுக்கு வராதே, முன்வாசலில் நின்று இங்கிலீஷில் கூப்பிடு. நீ தமிழை விட்டுவிட்டாய் என்று எத்தனை வருடம் ஏசியிருக்கிறேன், அதையெல்லாம் இந்த ஒரு தடவைக்கு ஒதுக்கி வை. “மம்மி, ஓப்பன் த டோர்” என்று, இப்போது பேசுகிறாயே அதே வேகத்தில் சொல். இங்கே எல்லார் வீட்டுப் பேச்சும் அதற்குப் பாடம். இங்கிலீஷ் மட்டும் இந்தப் பக்கம் ஒருவர் வீட்டிலும் குசினிப் பேச்சு இல்லை. தமிழில் கூப்பிட்டால், அது நீயே ஆனாலும், நான் திறக்க மாட்டேன்.

உன் அம்மா,
அன்னபூரணம் முருகேசு