கதவு நிலைக்குள் நீ அடைத்த பலகை

பக்கத்து வீட்டில் அலமாரி வேலை நடக்கிறது. ஆசாரி பிளைவுட்டை அறுக்க அறுக்க, பசை கருகும் வாடை என் சன்னல் வழியாக வந்தது. காபி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன். நீ போய்விட்டாய், உன்மேல் எனக்கிருந்த பொறாமை மட்டும் இன்னும் போகவில்லை.

தொண்ணூறுகளில் நஞ்சன்கூட்டுத் தொழிற்சாலையில் நமக்கு ஒரே ஷிப்ட். மைசூரிலிருந்து ஒரே பஸ். வழியெல்லாம் ஸ்பீக்கர் பேச்சுதான். மார்க்கெட் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஆடியோ பத்திரிகையை மாற்றி மாற்றிப் படித்தோம். சப்வூஃபர் என்ற அடித்தொனி ஸ்பீக்கரைப் பெட்டியில்லாமல் பொருத்தும் 'இன்ஃபினிட் பாஃபிள்' என்ற சங்கதியை அதில்தான் பார்த்தோம்.

"பெட்டி இல்லாத சப்வூஃபரா? சும்மா இரு கணோ!" என்று நான் மைசூர்க் கன்னடம் கலந்து சிரித்தேன்.

"பெட்டி இல்லாம இல்லடா. ஒரு ரூமே பெட்டி," என்றாய்.

ஸ்பீக்கரின் முன்பக்கச் சத்தமும் பின்பக்கச் சத்தமும் கலந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். நடுவில் சுவர் இருந்து, பின்னால் ஓர் அறையளவு காற்றும் இருந்தால் போதும். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு தாராளமாக அசையும் என்று விளக்கினாய். எனக்கும் அது புரியத்தான் செய்தது. ஆனால் இரண்டே அறையில் பெற்றோர், மனைவி, பிள்ளைகளோடு இருந்தவன் காலி அறைக்கு எங்கே போவேன்? உன் கூடத்துக்குப் பின்னால் ஓர் அறை சும்மா கிடந்தது. என் பொறாமை அங்கேதான் தொடங்கியது.

நான் பீரோ உயரத்துக்குப் பெட்டி செய்தேன். மெத்தைப் பஞ்சை உள்ளே திணித்தேன். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே 'தும் தும்'. என் மனைவி அதன்மேல் துணி மடித்து வைக்க ஆரம்பித்தாள். நீ பின்னறைக் கதவைக் கழற்றிவிட்டு, நிலைக்குள் இரட்டைப் பிளைவுட்டை இறுக்கி அடைத்தாய். அதில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களைக் கூடத்தைப் பார்க்கப் பதித்து, இடுக்குகளையெல்லாம் ரப்பர் வைத்து மூடினாய்.

அதைக் கேட்க நான் வந்த ஞாயிற்றுக்கிழமை என் அப்பாவும் கூட வந்தார். மில் தறிச் சத்தத்தில் காது போனவர். என் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கொட்டாவி விட்டவர். நீ மிருதங்க கேசட் ஒன்றைப் போட்டாய். மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலின் கும்காரம் தரையோடு வந்தது. எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. அறை முழுவதும் மெல்ல மூச்சு விட்டதுபோல் இருந்தது. அப்பா நிமிர்ந்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"நெஞ்சுக்குள்ளார கேக்குதப்பா! இன்னொருக்கா போடு," என்று சிரித்தபடி கத்தினார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"எப்படிடா?" என்று என்னிடம் கேட்டாய்.

"பரவால்ல," என்றேன்.

பிறகு ஞாயிறுதோறும் அப்பா தனியாக உன் வீட்டுக்குத்தான் கிளம்புவார்; நான் கூடப் போவதில்லை. சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொள்வார். "நம்ம வீட்லயும் ஸ்பீக்கர் இருக்குப்பா," என்று ஒருமுறை அவர் காதருகே கத்தினேன். "அது வேற, இது வேற," என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் அப்பாவையே நீ எடுத்துக்கொண்டதுபோல் எரிந்தது.

அவர் காலமாகிப் பல வருஷங்களுக்குப் பிறகு நீயும் போனாய். உன் காரியத்தன்று உன் மனைவி எனக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்: "இந்தக் கூடத்துல அப்பா பாடினதுதான் அண்ணா இன்னிக்கெல்லாம் ஞாபகம் வருது."

"யாரு அப்பா?"

"உங்க அப்பாதான். மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போறப்போ பாடுற பாட்டு. தாளம் நெஞ்சுல கேட்டுதுன்னா பாட ஆரம்பிச்சிடுவாரு. இவரு சத்தத்தக் கொறச்சிட்டு எதிர்லயே உக்காந்துக்குவாரு. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாது. அப்பா பாடி நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்குப் பாடத் தெரியும் என்பதே தெரியாது.

இலையைப் பார்த்துக்கொண்டே, "தெரியும்மா," என்றேன்.

ஏன்டா எனக்குச் சொல்லவில்லை? பஸ்ஸில் எத்தனை பேசினோம்! எனக்கு வலிக்கும் என்று மறைத்தாயா, உனக்கென்றே வைத்துக்கொண்டாயா? எதுவாக இருந்தாலும் அந்தக் குரலைக் கேட்டவன் நீ. அதற்காக உன்மேல் இன்னும் பொறாமைப்படுகிறேன். இருந்தாலும், அவர் பாடும்போது எதிரே உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் இருந்தானே என்றும் நினைத்துக்கொள்கிறேன்.